பலசரக்குக் கடைக் கேமரா பேசுகிறது

நீங்க சிரிக்காம இருந்தா நான் பேரை மாத்திக்கிடுதேன்க்கா. ஆனா இப்பவே சிரிக்கக் கூடாது. சிரிப்பு கடைசியிலதான். திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கு, அதுக்குள்ள சொல்லி முடிச்சிடுவேன். பிள்ளையை அந்தப் பக்கமா சாய்ச்சுக்கோங்க. நீங்க குலுங்கிச் சிரிக்கும்போது அவன் முழிச்சு அழுதா அதுக்கு நான் பொறுப்பில்லை.

ஏறினதுல இருந்து இவன் வாய் ஓயலையேன்னு பார்க்கறீங்க. என் வாய் அப்படி. இப்ப டிக்கெட் கிழிச்சாரே கண்டக்டர், அவரைக் கேளுங்க. "சில்லறை இருக்கவன் முன்னால வா, நோட்டு வெச்சிருக்கவன் பஸ்ஸுக்குப் பின்னால ஓடி வா." பாருங்க, முன் சீட்டுப் பெரியவர் பையைத் துழாவுறார், கண்டக்டர் திரும்ப வந்துட்டாராம். ஒரு தடவை கேட்டாப் போதும் எனக்கு, அந்த ஆள் தொண்டைக்குள்ள வந்து உக்காந்துக்கிடுவார். எங்க ஹெட்மாஸ்டர் குரல்ல மைக்குல லீவு விட்டிருக்கேன். பாதி ஸ்கூல் வீட்டுக்குப் போயிடுச்சு. போனதுல பாதிப் பேர் டீச்சருங்க.

அது இல்லை கதை. கதை பரமசிவன் அண்ணாச்சியைப் பத்தினது. அந்த ஆளை முதல்ல நீங்க நல்லா வெறுக்கணும். இல்லேன்னா கடைசியில ருசிக்காது.

எங்க ஊர் பஜார்ல பெரிய பலசரக்குக் கடை அவருது. வியாபாரிகள் சங்கத் தலைவர். கட்சியில ஏதோ செயலாளர். தேர்தல் வருதுல்லா, பேரூராட்சித் தலைவர் சீட்டு கேட்டுக்கிட்டு அலையறார். அவர் சட்டைப் பையில எப்பவும் மூணு கலர்ல பேனா குத்தியிருக்கும். எழுதி யாரும் பார்த்ததில்லை.

எங்கப்பா ஆவுடையப்பன். கேமரா மாட்டுறவர். பஜார் முழுக்க அவர் மாட்டினதுதான், நகைக்கடைல இருந்து புரோட்டாக்கடை வரைக்கும், எல்லாம் சைனா கேமரா. சைனா எல்லையில சண்டைன்னு டிவில ஓடிச்சுல்லா, அப்பதான் ஆரம்பிச்சது. ஒவ்வொரு சேனல்லயும் ஒருத்தன் கத்துறான். "உங்கள் வீட்டுச் சுவரில் எதிரியின் கண். இன்று இரவு, அதிர்ச்சித் தகவல்." டொய்ங். அண்ணாச்சி அதைப் பார்த்துட்டுத் தூங்கி எழுந்தார். மறுநாள் பஜார் முக்குல மேடை.

"பெரியோர்களே, வியாபாரப் பெருமக்களே. அங்கன எல்லையில நம்ம பிள்ளைய ரத்தஞ் சிந்துதாவ. இங்கன நம்ம தலைக்கு மேல எதிரி கண்ணை முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். நம்ம வீட்டுப் பொம்பளைய பூ வாங்கப் போறதைச் சைனால ஒருத்தம் பாக்கான். மாட்டினது யாரு? நான் பேர் சொல்ல மாட்டேன். ஆவுடையப்பன்."

இந்த இடத்துல கூட்டம் கை தட்டுச்சு. எங்கப்பா கூட்டத்துலதான் நின்னார்.

இல்லக்கா, கேமராவைப் பத்திப் பயப்படுறதே தப்புன்னு நான் சொல்லலை. உங்க வீட்டுக்காரர் மிலிட்டரியா? லடாக்குலயா? அங்க செல்போனையே வெளியில வாங்கி வெச்சிக்கிடுவாங்களா? சரி, அது நியாயம். எங்கப்பாவே சொல்வார், துறைமுகத்துலயும் கேம்ப்புலயும் உள்ள என்ன இருக்குன்னு தெரியாத பெட்டியை மாட்டக் கூடாதுன்னு. ஆனா எங்க பஜார்ல என்ன இருக்கு? வெங்காய மூட்டையும் ரெண்டு மாடும். சைனாக்காரன் அதை உக்காந்து பார்த்தான்னா அவன் மேல எனக்குப் பரிதாபம்தான்.

அன்னைக்கே கேமரா எல்லாம் கழட்டச் சொல்லிட்டாங்க. எங்க கடை ஷட்டர்ல தார் வெச்சு "ஏஜென்ட்"னு எழுதிட்டானுவ. எங்கம்மாவை மகளிர் குழுவுல, "கொஞ்ச நாள் வராதீங்க மதினி"ன்னு சொல்லிட்டாளுவ. டீக்கடையில எங்கப்பா போய் நின்னா பேச்சு நின்னுடும். அண்ணாச்சி மனு மேல மனு கொடுத்து எங்க கடைக்குச் சீல் வெச்சாச்சு. விசாரணையாம். எதிர்த்தாப்புல ஒரு மாசத்துல புதுக் கேமராக் கடை திறந்தாச்சு. யார் கடை? அண்ணாச்சி மச்சினன் குமரேசன். அதே கேமரா, அதே டப்பா, மேல ஒரு கொடி ஸ்டிக்கர்.

சிரிக்காதீங்க, இது இல்லை அந்த இடம்.

எங்கப்பா என்ன செஞ்சார்ங்கறீங்க? ஒண்ணும் செய்யலை. பில்லு, லைசென்சு எல்லாத்தையும் சீல் வெச்ச திருநெல்வேலி ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அங்க ஒரு ஆபீசர் நல்ல மனுஷன், "உங்க பேப்பர்ல ஒரு குறையும் இல்லை, மேல இருந்து ரிப்போர்ட் வந்ததும் சாவியைக் கொடுத்துடுவோம், கொஞ்சம் பொறுங்க"ன்னார். எங்கப்பா பொறுத்தார். வீட்டுல உக்காந்து டிரில்லிங் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டே பொறுத்தார். எனக்குப் பொறுக்கலை. எனக்கு அந்தக் கடை திறக்கணும். திறக்கறவன் பரமசிவனா இருக்கணும். அவனே வந்து, அவன் கையால, எங்கப்பா கையில சாவியைக் கொடுக்கணும். அவ்வளவுதான் ஆசை.

ஊர்க் கேமரா எல்லாம் கழட்டினார்ல அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணைக் கழட்டலை. எது? தன் கல்லாவைப் பார்த்து மாட்டின கேமரா. வேலைக்காரப் பையனுவ முந்திரிப்பருப்பைத் தின்னுடுவானுவளாம். நாட்டுப்பற்று வேற, முந்திரிப்பருப்பு வேற.

அந்த மாடல்ல ஒரு வசதி உண்டு. அதுலயே ஸ்பீக்கர் இருக்கும். முதலாளி வீட்டுல இருந்தே செல்போன்ல பேசினா கடையில கேமரா வழியா சத்தம் வரும். அண்ணாச்சிக்கு அது தெரியாது, அவருக்குப் பார்க்க மட்டும்தான் தெரியும். பாஸ்வேர்டா? அதுதான் தமாஷ். எங்கப்பா ஊர் முழுக்க ஒரே பாஸ்வேர்டுதான் போடுவார். ஆளாளுக்கு வேற வேற போட்டா மறந்துட்டு ராத்திரி போன் பண்ணுவாங்கன்னு, எல்லாருக்கும் எங்கம்மா பேரும் எங்க கல்யாண... அவங்க கல்யாண வருஷமும். சைனாக்காரனுக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியும். கேமராவைக் கழட்டுற வரைக்கும் ஊர்ல எந்தக் கடையில யார் மூக்கு நோண்டுறான்னு எனக்குத் தெரியும்.

இதுல என்னக்கா தப்பு? நான் என்ன எதிரி நாடா?

ஒரு நாள் காலையில, அண்ணாச்சி தனியா ஊதுபத்தி காட்டிக்கிட்டு இருக்கார். நான் போனை எடுத்து, தொண்டையை இறக்கி, "மிஸ்டர் பரமசிவன்" அப்படின்னேன். ஊதுபத்தி கீழ விழுந்துடுச்சு.

"மிஸ்டர் பரமசிவன். பயம் வேண்டாம். நான் டெல்லி பேசுது. சுக்லா. ஸ்பெஷல் ஆபீஸ்."

"எந்த ஆபீசு சார்?"

"பேர் சொன்னா அது ஸ்பெஷல் ஆபீஸா?"

அந்த ஆள் அதை ஒத்துக்கிட்டார்க்கா. தலையை ஆட்டி ஆட்டி ஒத்துக்கிட்டார். "எதிரி கேமராவை நாங்க பிடிச்சிட்டு. இப்ப இது நம்ம கேமரா. உங்க ஸ்பீச் டெல்லி கேட்டுச்சு. மேலிடம் உங்களைக் கவனிக்குது." மேலிடம்னு சொன்னதும் வேட்டியை இறக்கி விட்டார் பாருங்க, மடிச்சுக் கட்டினதை. அதுதான் முதல் நாள்.

அப்புறம் தினமும் எனக்குத் திருவிழா. கடை திறந்ததும் கேமரா முன்னால சல்யூட் அடிக்கணும்னேன். அடிச்சார். செருப்பைக் கழட்டிட்டு அடிக்கணும்னேன். கழட்டிட்டு அடிச்சார். பஜார்ல சந்தேகப்படுற ஆளைச் சொல்லுங்கன்னேன். என்ன ஒரு வேகம்ங்கறீங்க. "சார், புரோட்டாக்கடை மைதீன் நூடுல்ஸ் போடுதான், அது சைனா அயிட்டம். டெய்லர் செல்லையா ரெண்டு பேப்பர் வாங்குதான், ஒரு ஆளுக்கு எதுக்கு சார் ரெண்டு பேப்பர்? வாத்தியார் ஒருத்தர் இருக்கார், கூட்டத்துல கை தட்டலை. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், தட்டவே இல்லை." கடைசியில தன் மச்சினனையே சொன்னார். "குமரேசன் போன் பேசும்போது வெளியில போயிடுதான் சார்." இந்த ஆள்தான் எங்கப்பாவை ஏஜென்ட்னு சொன்னது.

ஒரு நாள் கேட்டேன். "மிஸ்டர் பரமசிவன், உங்க கடையில வெளிநாட்டுச் சரக்கு உண்டா?"

"சத்தியமா கிடையாது சார்."

"துவரம்பருப்பு எந்த ஊர்?"

அண்ணாச்சி பருப்பு மூட்டையைச் சாக்கால மூடுறார்.

"டெல்லிக்கு எல்லாம் தெரியுது. சொல்லுங்க."

"பர்மா, சார்."

"உளுந்து?"

"அதுவும் பர்மா."

"பாமாயில்?"

"மலேசியா சார். அது நட்பு நாடுதானே சார்?"

"பூண்டு?"

அழுதுடுவார் போல இருந்துச்சு. பூண்டு மூட்டையைப் பார்க்கறார், என்னைப் பார்க்கறார், அதாவது கேமராவை. நான் போனைப் பொத்திக்கிட்டு உருண்டேன். பூண்டு எந்த நாடுன்னு கடைசி வரைக்கும் அவர் சொல்லலை. நானும் விட்டுட்டேன். மறுநாள் பார்த்தா பூண்டுக் கூடைக்கு மேல "நாட்டுப் பூண்டு"ன்னு அட்டை எழுதி வெச்சிருக்கார். அந்த மூணு பேனாவுக்கும் அன்னைக்குத்தான் வேலை.

இதுவும் இல்லைக்கா. இது சின்னச் சிரிப்பு. பெரிசு வருது.

எனக்கு ஒரு குறை. கேமராவுல பார்த்தா அந்த ஆளோட வழுக்கையும் மூக்கு நுனியும்தான் தெரியும். பயப்படும்போது முகம் எப்படிப் போகுதுன்னு பக்கத்துல இருந்து பார்க்கணும். அவர் கடை பழைய கட்டடம், மேல மரப்பலகை போட்ட மச்சு. மச்சு என் சிநேகிதன் வீட்டுக்காரங்களுது, காலிச் சாக்கு அடுக்கி வெச்சிருப்பாங்க. படி பின் சந்துல. நான் அங்க போய்ப் படுத்துக்கிட்டேன். பலகை இடுக்குல கண்ணை வெச்சா நேர் கீழ அண்ணாச்சி. வாயைப் போன்கிட்ட வெச்சு மெதுவாப் பேசுவேன், கீழ சுவத்துல கேமரா சத்தமாப் பேசும். சினிமா மாதிரி இருந்துச்சு.

ஒரு நாள், மாசா மாசம் கரண்ட் கம்பி ரிப்பேர்னு காலையில இருந்து நிறுத்துவாங்கல்லா, அந்த நாள். நான் அதை மறந்துட்டேன். அன்னைக்கு சுக்லா சாருக்கு நல்ல மூடு. தேசபக்தியைப் பத்தி ஒரு சொற்பொழிவு. போனைப் பார்க்கவே இல்லை, இடுக்குலயே கண்ணு. நடுவுல கீழ ஃபேன் நின்னுது, பல்பு போச்சு. அண்ணாச்சிக்கு வேர்த்து ஊத்துது. நான் நிறுத்துவேனா? "தேசம் முக்கியம், மிஸ்டர் பரமசிவன். பூண்டு முக்கியம் இல்லை." அந்த ஆள் ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கிட்டே கேக்கறார். அந்த இருட்டுல, அந்த வேர்வையில, என்ன ஒரு பக்தி. கேமராவைப் பார்த்தார். அப்புறம் மெதுவா நிமிர்ந்து மேல பார்த்தார். நேரா மேல. ரொம்ப நேரம். அப்புறம் ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். கும்பிட்டுட்டுச் சொல்றார், "உத்தரவு சார். இனிமே நீங்க சொன்னபடியே எல்லாம்."

அன்னைக்குத்தான் அந்த ஆள் முழுசா விழுந்தார். அதுவரைக்கும் பாதி சந்தேகம் இருந்திருக்கும் போல. அதுக்கப்புறம் பூம்பூம் மாடுதான். அவரே கேமரா முன்னால ஒரு நாற்காலி போட்டு உக்காந்து, மச்சினனையும் பக்கத்துல உக்காத்தி வெச்சுக்கிட்டு, "சார், ஒரு சந்தேகம், ஒரு விளக்கம்"னு கேக்கறார். பரீட்சைக்குப் படிக்கற பையன் மாதிரி.

"சார், நீங்க எங்க கடையை எத்தனை நாளா பாக்கிய?"

"மாசக்கணக்கா."

"எங்க கடை மட்டுமா சார், எல்லாக் கடையுமா?"

"எல்லாக் கடையும். டெல்லிக்கு மறைக்க முடியாது."

"நீங்க உள்ள வர்ற பாஸ்வேர்டு என்ன சார்? சும்மா ஒரு நம்பிக்கைக்கு. வேற எவனாவது சார் பேரைச் சொல்லி ஏமாத்திடக் கூடாதுல்லா."

எவ்வளவு முட்டாள் பாருங்க. சொன்னேன். எங்கம்மா பேரு, வருஷம், ஒவ்வொரு எழுத்தா. குமரேசன் வேற, "இன்னொருக்கா சத்தமாச் சொல்லுங்க சார்"ங்கறான். இன்னொருக்கா சொன்னேன்.

அப்ப விஷயத்துக்கு வந்தேன். "ஆவுடையப்பன் நிரபராதி. கடையைத் திறக்கணும். நீங்களே சாவி கொடுக்கணும். இது உத்தரவு."

மறு பேச்சு இல்லைக்கா. "செஞ்சிரலாம் சார். திருநெல்வேலி ஆபீசுலயே வெச்சுக் கொடுத்திரலாம். நாலு பத்திரிகைக்காரங்களும் இருக்கட்டும். நான் ஆவுடையப்பன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கேன். ஒண்ணே ஒண்ணு சார், அவன் பையனையும் வரச் சொல்லணும். பிள்ளை முன்னால கேட்டாத்தானே சார் அது மன்னிப்பு." நான் என்ன சொன்னேன்? "அனுமதி உண்டு." மச்சுல படுத்துக்கிட்டு எனக்கே நான் அனுமதி கொடுத்துக்கிட்டேன்.

இன்னைக்குத்தான் அது. எங்கப்பாவுக்கு ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு, மகனையும் கூட்டிக்கிட்டு வாங்கன்னு. எங்கப்பா அதிசயமா விசில் அடிச்சுக்கிட்டே ஷேவ் பண்ணினார். எங்கம்மா எலுமிச்சம்பழம் வாங்கி வெச்சிருக்கா, ஷட்டரைத் தூக்கினதும் நசுக்கறதுக்கு. எனக்குக் காலையில கணக்குப் பரீட்சை, அதனால அவங்க ரெண்டு பேரும் முன்னால போயிட்டாங்க, நான் எழுதிட்டுப் பின்னால வர்றேன். நான் அங்க போய்க் கதவோரமா நிப்பேன். பரமசிவன் எங்கப்பா கால்ல விழுவான். விழுந்து எந்திரிக்கும்போது நான் பக்கத்துல போய் மெதுவா, "குட். வெரி குட், மிஸ்டர் பரமசிவன்." அவன் முகம் போற போக்கை நினைச்சுப் பாருங்க. இதுக்காகத்தான் நான் இவ்வளவு நேரம் உங்களைக் காக்க வெச்சேன். சிரிங்கக்கா. இப்பச் சிரிக்கலாம்.

என்ன, சிரிக்க மாட்டேங்கறீங்க.

கரண்ட் இல்லாம கேமரா எப்படிப் பேசுச்சா?

பேசும்க்கா, அதுல பேட்டரி... இல்லை, இந்த மாடல்ல பேட்டரி கிடையாது. அண்ணாச்சி கடையில இன்வெர்ட்டர் இருக்கு. ஆமா, ஃபேன் நின்னுடுச்சுன்னு நான்தான் சொன்னேன். இன்வெர்ட்டர் ஓடினா ஃபேன் ஓடணும். கேமராவுக்கு மட்டும் தனி லைன் போட்டிருப்பாங்க. எங்கப்பாதான் லைன் இழுத்தார், தனியா எல்லாம் இழுக்கலை.

அப்ப சத்தம் எங்க இருந்து கேட்டிருக்கும்ங்கறீங்களா.

அவர் மேல பார்த்துத்தான் கும்பிட்டார். கேமரா மேல இல்லை. கேமரா கல்லாவுக்கு எதிர்ச் சுவத்துல இருக்கு.

அப்ப எதுக்குப் பாஸ்வேர்டைக் கேட்டார்? ரெண்டு தடவை. அன்னைக்கு கரண்ட் இருந்துச்சு. கேமரா ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுல மெமரி கார்டு இருக்கும்க்கா, படம் மட்டும் இல்லை, குரலும் பதியும். எங்கம்மா பேரை நான் எழுத்தெழுத்தாச் சொன்னது எல்லாம் பதிஞ்சிருக்கும். எல்லாக் கடையையும் பார்க்கறேன்னு சொன்னதும். அதுவரைக்கும் எங்கப்பா மேல ஒரு குத்தமும் இல்லைன்னுதான் அந்த ஆபீசர் சொன்னார்.

இருங்க, போன் அடிக்குது. அப்பாதான். வந்துட்டியான்னு கேப்பார். ஒண்ணும் ஆகியிருக்காதுக்கா.

அப்பா?

ஆமா.

ஆமா, நான்தான்.

அப்பா இல்லைக்கா. அப்பா போன்தான், பேசறது அண்ணாச்சி. "நான் டெல்லி பேசுது, தம்பி பஸ் எங்க வருது"ன்னு என் சுக்லா குரல்ல கேக்கறார். நல்லாவே வரலை அவருக்கு. ஆனா பின்னால நிறைய பேர் சிரிக்கறாங்க. கார்டைப் போட்டுக் காட்டிட்டாங்களாம். பத்திரிகைக்காரங்க முன்னால. ஊர்க்கடை எல்லாத்தையும் வேவு பார்த்த குடும்பம்னு எழுதிக்கிட்டாங்களாம். "உங்கப்பன் வாயே திறக்க மாட்டேங்கான், ஆபீசருங்க மகன்கிட்டயே கேட்டுக்கிடட்டும்"னு சொல்லிட்டுப் போனை அப்பா கையில கொடுத்துட்டார்.

அப்பா லைன்லதான் இருக்கார். நான் அப்பா, அப்பான்னு ரெண்டு தடவை கூப்பிட்டுட்டேன்.

திட்டலைக்கா. "இப்பப் பேசறது யாரு"ன்னு கேக்கறார்.